கரவனை உயர்த்திய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பிடித்து ஆக்சில் வரை போவது

கொழும்பில் கரவன் ட்ரெயிலர் (வாகனத்தின் பின்னால் கொளுவி இழுக்கிற சக்கர வீடு) வைத்திருக்கிற யாருக்கும் ஒருநாள் இந்த யோசனை வரும். ஒழுங்கை வாசலில் வேகத்தடை, கானுக்கு மேல் போட்ட கொன்கிரீட் பலகை, பெற்றோல் ஷெட்டுக்குள் ஏறுகிற சரிவு என்று எல்லா இடத்திலும் பின்பக்கம் கரக் கரக் என்று உரசும், பெருமழை நாளில் தண்ணீர் அடித்தட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சரி, உயர்த்திவிடுவோம் என்று கராஜுக்குக் கொண்டுபோகிறோம். ஒரே நாளில் வேலை முடிந்து வண்டி நாலைந்து அங்குலம் நிமிர்ந்து நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். கோளாறு அன்றைக்குத் தெரியாது. 300, 400 கிலோமீற்றர் ஓடிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

என்னுடையது ஒற்றை ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் தாங்குகிற குறுக்குக் குழாய்), பட்டை ஸ்பிரிங் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்), வத்தளையில் மச்சானின் வளவில் நிற்கிறது. அதை உயர்த்திய பிறகு வந்த பிழைகளைத் தேடித் திருத்தியதில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வருகிற தொல்லைகளில் பெரும்பகுதிக்கு வேர் இரண்டு இடத்தில் இருக்கும்: ஒன்று ஆக்சில் குழாயின் வளைவு, மற்றது அந்தக் குழாயை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடிக்கிற போல்டுகள். அதை முதலில் சொல்வது டயர். ஆகவே டயரை வாசிக்கப் பழகுங்கள்.

என்ன மாற்றினோம் என்பதை ஒருமுறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றது எல்லாம் அதிலிருந்துதான் வரும். பல கரவன்களில் ஆக்சில் குழாய் ஸ்பிரிங் பட்டைக்கு மேலே உட்கார்ந்திருக்கும், பட்டை குழாய்க்கு அடியில் தொங்கும். அதனால்தான் வண்டி பதிந்து நிற்கிறது. குழாயைப் பட்டைக்குக் கீழே கொண்டுவந்தால் சேசி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், மேலே போகும். எவ்வளவு போகும் என்பது வெறும் கூட்டல் கணக்கு: குழாயின் விட்டம், பட்டைக் கட்டின் தடிப்பு, பட்டை குழாயில் உட்காருகிற இரும்பு இருக்கையின் உயரம், பழையதும் புதியதும். 60 மில்லிமீற்றர் குழாய், 28 மில்லிமீற்றர் பட்டைக் கட்டு, இருக்கைகள் இரண்டும் சேர்ந்து ஒரு 25 என்றால் 113 மில்லிமீற்றர், அதாவது நாலரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கீழே. இதற்குக் குழாயின் மறுபக்கத்தில் புதிய ஸ்பிரிங் இருக்கை வைத்து வெல்டிங் பண்ண வேண்டும். அந்தச் செலவை மிச்சம்பிடிக்க குழாயையே தலைகீழாகப் புரட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் அறிகுறி அங்கேதான் பிறக்கிறது.

டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது

இரண்டு பக்க டயரிலும் வண்டிக்கு உள்ளே பார்க்கிற விளிம்பு மொட்டையாகி, வெளிவிளிம்பு புதிதுபோல இருந்தால் புதிதாக உயர்த்திய வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒன்றுதான். ஆக்சில் தலைகீழாக இருக்கலாம்.

ட்ரெயிலர் ஆக்சில் குழாய் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் பெரும்பாலும் நேர் இல்லை. நடுப்பகுதி சற்று மேலே வளைந்திருக்கும்படி செய்திருப்பார்கள். பாரம் இல்லாதபோது சக்கரங்களின் தலை கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கும். பாரம் ஏறினதும் ஸ்பிரிங் குழாயைக் கீழே அமுக்குகிறது, சக்கரம் முனைகளை மேலே தள்ளுகிறது, வளைவு நிமிர்ந்து சக்கரம் செங்குத்தாகிறது. அந்த வளைவைக் கீழ்நோக்கிப் போட்டால் சக்கரத்தின் தலை தொடக்கத்திலேயே உள்ளே சாய்ந்திருக்கும், பாரம் அதை இன்னும் சாய்க்கும். டயர் உள்விளிம்பில் மட்டும் நடக்கும்.

என் வண்டியில் நடந்தது இதுதான். யாழ்ப்பாணம் போய்த் திரும்பி, ஏறக்குறைய 800 கிலோமீற்றர், வளவில் நிறுத்திவிட்டு டயருக்கு அடியில் கை விட்டுப் பார்த்தேன். உள்விளிம்பில் விரல் நுனிக்குக் கம்பி தட்டுப்பட்டது. வேலை செய்த பாஸிடம் போய், "பாஸ், வளைவு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒண்டுதான் தம்பி, குழாய் தானே" என்றார். நல்ல கைகாரர், லொறிக்கு வெல்டிங் போட்டால் அசையாது. ஆனால் லொறியில் இந்தப் பிரச்சினை அவருக்கு வந்ததே இல்லை.

பார்க்கிற முறை இது. சமதரையில் வண்டியை வழக்கமான பாரத்தோடு நிறுத்துங்கள். மேசன்மார் பாவிக்கிற தூக்குக்குண்டு ஒன்றை எடுத்து, நூல் சக்கரத்தின் வெளிமுகத்துக்கு முன்னால் விழும்படி மட்கார்டிலிருந்து தொங்கவிடுங்கள். நூலுக்கும் ரிம்மின் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும், நூலுக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மேலே இடைவெளி கூட என்றால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. அப்புறம் வண்டியை ஸ்டான்டில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துப் பிடித்தால் வளைவு மேலா கீழா என்று கண்ணுக்கே தெரியும்.

திருத்தம் ஒன்றுதான். குழாயைக் கழற்றி வளைவு மேலே பார்க்கும்படி திருப்பி, மேற்பக்கத்தில் புதிய இருக்கை வைக்க வேண்டும். கழற்றும் முன்பே சோக்கட்டியால் குழாயின் மேல்முதுகில் ஒரு கோடு போட்டு 'மேல்' என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு கோடு எனக்கு இரண்டு டயரின் விலையை மிச்சம்பிடித்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இங்கே உள்ளூரில் செய்கிற சில ட்ரெயிலர்களில் கனமான சதுரக் கம்பியைத்தான் ஆக்சிலாகப் போடுகிறார்கள், அதில் வளைவே இருக்காது. நூல் பிடித்துப் பார்த்து உண்மையாகவே நேர் என்றால் புரட்டினாலும் சக்கரம் சாயாது. ஆனால் பிரேக் இருந்தால் அதற்குக் கீழே போய் வாசியுங்கள்.

ஒரு பக்க டயர் மட்டும் அரம்போலத் தேய்கிறது, அல்லது வண்டி நண்டுபோல ஓரமாக வருகிறது

டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் வாள்பல்போலக் கையைப் பிடித்தால் சக்கரம் நேரே உருளவில்லை, பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டு போகிறது. வண்டிக்கு ஆக்சில் செங்குறுக்காக இல்லை என்று அர்த்தம்.

இழுக்கிற வாகனத்தின் இழுவைக் குண்டு உட்காருகிற கப்ளரின் (கரவனின் முன்முனைக் கொளுவியின்) நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் ஒரு புள்ளி போடுங்கள். இரண்டு ஹப்பின், அதாவது சக்கரம் பூட்டுகிற குடத்தின், நடுவிலிருந்தும் அப்படியே. இப்போது முன்புள்ளியிலிருந்து இடது புள்ளிக்கும் வலது புள்ளிக்கும் டேப் பிடித்து அளந்தால் இரண்டும் 3 மில்லிமீற்றருக்குள் ஒன்றாக வர வேண்டும். ஒருவர் தனியாக அளந்தால் டேப் தொய்யும், மறுமுனையைப் பிடிக்க வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். இரட்டை ஆக்சில் என்றால் முன் ஆக்சிலை இப்படி அளந்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரம் இருபக்கமும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

அளவு பிழைத்தால் வெல்டிங்கைக் குறைசொல்லும் முன் நடுப்போல்டைப் பாருங்கள். பட்டைகளை ஒன்றாகக் கோர்க்கிற போல்ட் அது. அதன் உருண்டைத் தலை, ஆக்சில் இருக்கையில் இருக்கிற துளைக்குள் இறங்கி உட்கார வேண்டும், ஆக்சில் முன்பின் நகராமல் பிடிப்பது அதுதான். ஆக்சில் மேலே இருந்த காலத்தில் போல்டின் தலை மேலே பார்த்தது. இப்போது ஆக்சில் கீழே வந்துவிட்டது, தலையும் கீழே பார்க்க வேண்டும். பலர் போல்டைத் திருப்பாமலே பூட்டிவிடுகிறார்கள். நட்டும் மரையும் துளைக்குள் சரியாக உட்காராது, முதல் ஊன்றிய பிரேக்கிலேயே ஆக்சில் ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிடும். பட்டைக் கட்டை ஜி கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு போல்டைக் கழற்றித் திருப்பினால் கால் மணித்தியால வேலை. கிளாம்ப் போடாமல் கழற்றினால் பட்டைகள் தெறித்து விரியும், கை பத்திரம்.

டயரின் நடுமுதுகு மட்டும் தேய்ந்தால் காற்று கூட, இரண்டு விளிம்பும் தேய்ந்தால் காற்று குறைவு. அதற்கு ஆக்சிலைத் தொட வேண்டாம்.

பள்ளத்தில் இறங்கும்போது டக் என்று ஒரு சத்தம்

யூ போல்ட், அதாவது குழாயையும் பட்டையையும் சேர்த்துக் கட்டுகிற யூ வடிவ போல்ட். வேறு காரணங்களும் இருக்கலாம், பட்டையின் முனையைச் சேசியோடு கோர்க்கிற ஷேக்கிலின் புஷ் தேய்ந்திருக்கலாம், ஆனால் புதிதாக உயர்த்திய வண்டியில் பத்துக்கு ஒன்பது தடவை யூ போல்ட்தான். இருக்கைக்கு அடித்த பெயின்ட் நசுங்கும், துரு உதிரும், பட்டைகள் ஒன்றோடொன்று படியும், இறுக்கம் தளரும். வேலை முடித்து 100 கிலோமீற்றர் ஓடினதும் ஒருமுறை, அடுத்த நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை டோர்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. சக்கர நட்டுகளுக்கும் அதே 100 கிலோமீற்றர்.

பழைய யூ போல்டைத் திரும்பப் பாவிக்க வேண்டாம். ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட் இரண்டாவது முறை பிடிக்காது. உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதை ஒரு துணியில் சுற்றிக் கையில் கொண்டுபோங்கள். வாயால் அளவு சொன்னால் கிட்டத்தட்ட அளவில் ஒன்றுதான் கிடைக்கும். சதுர ஆக்சிலுக்குச் சதுர வளைவு, உருண்டைக் குழாய்க்கு உருண்டை வளைவு. "நானா, இதே மரை, இதே அகலம், கால் இன்னும் அரை அங்குலம் நீளம்" என்று காட்டிக் கேளுங்கள்.

ஓடும்போது வால் ஆடுகிறது

இதற்குப் பயப்படத்தான் வேண்டும். அதிவேகப் பாதையில் ஒரு பஸ் முந்திப்போகிறபோது ஆட்டம் தொடங்கினால் ஸ்டியரிங்கால் எதிர்த்துப் போராட வேண்டாம், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து அக்ஸிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறையுங்கள், ட்ரெயிலர் பிரேக்கைத் தனியாகப் போட வசதி இருந்தால் அதை மெதுவாகப் போடுங்கள்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். கரவனிலும் அதே கணக்குத்தான், முன்பாரம், அதாவது கப்ளர் இழுவைக் குண்டை அமுக்குகிற பாரம், போதாவிட்டால் வால் ஆடும். சேசியை உயர்த்திவிட்டு இழுவைக் குண்டைப் பழைய உயரத்திலேயே விட்டால் கரவன் மூக்குக் குத்தி நிற்கும், இழுக்கிற வாகனத்தின் பின்பக்கம் அமுங்கும், இரட்டை ஆக்சிலில் முன் ஆக்சில் அதிகம் சுமக்கும். அதைச் சரிசெய்யப்போய் குண்டை அளவுக்கு மேல் உயர்த்திவிட்டால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், முன்பாரம் குறையும், ஆட்டம் அங்கே தொடங்கும். பாரம் ஏற்றிய நிலையில் கரவன் கிடைமட்டமாக, அல்லது மூக்கு ஒரு அங்குலம் போல் பதிந்து நிற்க வேண்டும். சேசிச் சட்டத்தின் முன்முனையிலும் பின்முனையிலும் தரையிலிருந்து அளந்தால் போதும்.

முன்பாரத்தை வீட்டிலேயே நிறுக்கலாம். ஒரு செங்கல்லையும் குளியலறைத் தராசையும் மூன்றடி இடைவெளியில் வைத்து, தராசின் உயரத்துக்குச் செங்கல்லைச் சரிப்படுத்தி, குறுக்கே ஒரு தடித்த பலகை. இரண்டு முனையிலும் பலகைக்கு அடியில் சிறு குழாய்த் துண்டு வைத்தால் அளவு சரியான புள்ளியில் விழும். கப்ளர் பலகையில் செங்கல்லிலிருந்து ஓரடி தள்ளி, தராசிலிருந்து இரண்டடி தள்ளி இறங்கட்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். தராசு 30 கிலோ காட்டினால் முன்பாரம் 90 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது அமெரிக்கப் பாணிக் கரவனுக்குச் சொல்லும் அளவு. 900 கிலோ வண்டிக்கு 90 கிலோ சரி, ஆனால் உங்கள் வாகனத்தின் இழுவைக் குண்டு தாங்குமென்று அதன் கையேட்டில் போட்டிருக்கிற எல்லையைத் தாண்டக்கூடாது. மொத்த எடை தெரியாவிட்டால் லொறி நிறுக்கிற தராசில் ஒருமுறை ஏற்றுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஆடினால் உள்ளே பாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்கட்டிலில் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் கலன் என்று போட்டிருந்தால் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். நாலரை அங்குலம் உயர்த்திய வண்டி காற்றுக்கும் முன்னைவிட அதிகம் முகம் கொடுக்கிறது. சோளகம் வீசுகிற காலத்தில் ஆனையிறவையோ சங்குப்பிட்டிப் பாலத்தையோ கடக்கும்போது வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், ஸ்டியரிங்கில் தெரியும்.

ஒரு ஹப் மட்டும் சுடுகிறது

ஓடி நிறுத்தினதும் புறங்கையை ஹப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். இரண்டும் ஒரே அளவு இளஞ்சூடு என்றால் நல்லது. ஒன்று கையை இழுத்துக்கொள்ள வைத்தால் அங்கே ஏதோ பிடிக்கிறது.

மோதித் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற ஓவர்ரன் பிரேக் உள்ள கரவனில், கம்பியும் கேபிளும் பழைய உயரத்துக்கு அளந்து போட்டவை. சேசி உயர்ந்ததும் கேபிள் இழுபட்டு, பிரேக் போடாமலே பிரேக் ஷூ ட்ரம்மை உரசிக்கொண்டிருக்கும். கடுகண்ணாவை இறக்கத்தில் இது புகையாகவே தெரியும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் சரக் சரக் என்று கேட்கும், கேபிளைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள், நீளம் போதாவிட்டால் புதிய கேபிள்.

உரசல் இல்லை, ஆனால் ஹூம் என்ற முனகல் ஓடும்போது வருகிறது என்றால் பேரிங். வெல்டிங் போட்டபோது எர்த் கிளாம்பை எங்கே மாட்டினார்கள் என்று நினைத்துப்பாருங்கள். ட்ரம்மிலோ ரிம்மிலோ மாட்டியிருந்தால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் சின்னச் சின்னக் குழி விழுத்தியிருக்கும். எர்த் எப்போதும் வெல்டிங் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஆக்சில் குழாயிலேயே இருக்க வேண்டும். பற்றரி வயரும் கழன்றிருக்க வேண்டும். குழி விழுந்த பேரிங்கைக் கிரீஸ் காப்பாற்றாது, மாற்றுங்கள். புதியதைப் போடும்போது ட்ரம்மைச் சுற்றிக்கொண்டே நட்டை நன்றாக இறுக்கி, முழுதும் தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் முட்டும்வரை திருப்பிக் கொட்டர் பின் போட வேண்டும். ஸ்பேனரால் இறுக்கி அப்படியே விட்டதால் வெந்துபோன பேரிங்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிரேக் முன்னைப்போல் பிடிக்கவில்லை

பிரேக்கில் இடதும் வலதும் வேறு வேறு, முன்னும் பின்னும் வேறு வேறு. மின்காந்த பிரேக்கில் லைனிங் (உராய்வுப் பட்டை) குட்டையாக இருக்கிற ஷூ வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். ஆக்சிலைப் புரட்டினாலோ முன்பின்னாகத் திருப்பி ஏற்றினாலோ அது பின்னுக்குப் போய்விடும். முன்னுக்கு ஓடும்போது பலமில்லாமல், ரிவர்ஸில் மட்டும் நன்றாகப் பிடித்தால் இதுதான். ட்ரம்மைக் கழற்றிப் பாருங்கள், ஷூ பூட்டியிருக்கிற பின்தட்டுகளை இடம்மாற்றிப் பூட்ட வேண்டிவரும். வயர்களையும் பாருங்கள்: சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் வயர் தொய்வாக இருக்க வேண்டும். விறைத்து நின்றால் ஒருநாள் அறுந்துவிடும்.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

உள்ளே இருப்பதை முதலில் இறக்குங்கள். 50 லீற்றர் தண்ணீர் ஒரு பக்கத்தில் இருந்தால் அது 50 கிலோ. வெறுமையாகவும் சாய்ந்தால் இரண்டு ஸ்பிரிங்கையும் இடம்மாற்றிப் பூட்டுங்கள். சாய்வும் மறுபக்கம் போனால் பட்டை களைத்துவிட்டது. சாய்வு அங்கேயே நின்றால் இருக்கைகளின் உயரமோ கோணமோ இருபக்கமும் ஒன்றில்லை. இருக்கை வெல்டிங்கையும் அப்போதே கழுவித் துடைத்துப் பாருங்கள். தையல் குழாயின் நீளவாக்கில் ஓட வேண்டும். மேல்முதுகிலும் அடியிலும் குறுக்காகப் போட்ட தையல் இருந்தால், அதன் ஓரத்தில் முடிபோல ஒரு துருக்கோடு தெரிகிறதா என்று டோர்ச் அடித்துத் தேடுங்கள். தெரிந்தால் அந்தக் குழாயோடு வீதிக்கு வர வேண்டாம்.

உயர்த்தியும் சில மாதத்தில் பழையபடி பதிந்துவிட்டது

ரப்பர் வைத்த டோர்ஷன் ஆக்சிலில்தான் இது அதிகம். அதில் பட்டை இல்லை, சதுரக் குழாய்க்குள் ரப்பர் கம்பிகள், வெளியே ஒரு கை, கையின் முனையில் சக்கரம். இதைப் புரட்ட முடியாது, சேசிக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புப் பெட்டி வைத்துப் போல்டால் பூட்டித்தான் உயர்த்துவார்கள். அதே பாரத்தோடு நிற்கும்போது அந்தக் கை முன்பு நின்றதைவிட நன்றாக மேலே போய் நின்றால் ரப்பர் செத்துவிட்டது. எத்தனை பெட்டி வைத்தாலும் பயனில்லை, ஆக்சிலையே மாற்ற வேண்டும். இந்தக் குழாயில் யாரையும் வெல்டிங் போட விடாதீர்கள், சூடு ரப்பரைக் கெடுத்துவிடும்.

பட்டை ஸ்பிரிங்கிலும் உயர்த்தும் முன்பே பட்டை நிமிர்ந்து தட்டையாகிவிட்டிருக்கலாம். நேர்மையாகச் சொன்னால் சில வண்டிகளுக்குப் புதிய பட்டை போட்டாலே இழந்த இரண்டு அங்குலம் திரும்ப வரும், வெல்டிங் இயந்திரமே தேவைப்படாது.

மற்றச் சில்லறைகள்

படி எட்டவில்லை என்றால் நடுவில் ஒரு மரப்படி. முன்சக்கர ஜாக்கும் மூலைத் தாங்கிகளும் தரையைத் தொடாவிட்டால் அடியில் பலாப்பலகைத் துண்டுகள், செங்கல் வேண்டாம், வெடிக்கும். கூரையின் புதிய உயரத்தை அளந்து எழுதி வாகனத்தின் டாஷ்போர்டில் ஒட்டுங்கள். வத்தளை வளவு வாசலின் வளைவுக்கும் என் கூரைக் காற்றுத் துவாரத்துக்கும் இப்போது நாலு விரல் இடைவெளிதான். ஆக்சிலில் கை வைக்கும் முன் நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் ட்ரெயிலரின் பதிவுப் புத்தகத்தைக் காட்டி, இந்த மாற்றத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், காப்புறுதிக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.